ஸ்பெயின்ல முதல் கிறிஸ்துமஸா? டிசம்பர் 8-லேர்ந்து ஜனவரி 6 வரைக்கும் என்ன பண்ணணும், எங்க போய் நிக்கணும்

வேலைக்கோ படிக்கவோ ஸ்பெயினுக்குப் புதுசா வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் டிசம்பர் 25-க்கு ஏதோ பெருசா நடக்கப்போகுதுன்னு காத்திருந்து, அன்னிக்கு காலையில கிளம்பி வெளிய வந்து பார்த்தா தெருவுல ஈ காக்கா இருக்காது, கடை எல்லாம் பூட்டியிருக்கும், ஒரு காபி குடிக்கக்கூட தேடி அலையணும். சரி அவ்ளோதான் போலன்னு ஜனவரி 2-ம் தேதி வேற எங்கயாவது டிக்கெட் போட்டு கிளம்பிடுறாங்க. பெரிய விசேஷமே அதுக்கு அப்புறம்தான் இருக்கு, ஜனவரி 5 சாயங்காலம். அதைப் பார்க்காம போறாங்களேன்னு எனக்கு ஒவ்வொரு வருஷமும் மனசு கேக்காது, அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன்.

இங்க கிறிஸ்துமஸ் கிட்டத்தட்ட ஒரு மாசம் ஓடும். அதுல சில நாள் முழுக்க வீட்டுக்குள்ள நடக்கிறது, சில நாள் முழுக்க தெருவுல நடக்கிறது. எது வீட்டு நாள், எது தெரு நாள்னு தெரிஞ்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஸ்டெப் 1: முதல்ல காலண்டர்ல குறிச்சு வைங்க

டிசம்பர் 6 அரசியலமைப்பு நாள், டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள், ரெண்டுமே லீவு. நடுவுல இருக்கிற நாளையும் சேர்த்து லீவு போட்டுட்டு ஜனங்க ஊருக்குப் போவாங்க, இல்லன்னா வீட்டுல அலங்காரத்தை ஆரம்பிப்பாங்க. 22 லாட்டரி. 24 ராத்திரி குடும்ப சாப்பாடு, பேரு நோச்செபுவேனா. 25 கிறிஸ்துமஸ். 26 கத்தலோனியாவுல (பார்சிலோனா இருக்கிற பகுதி) லீவு, மாட்ரிட்ல எல்லாம் பொதுவா வேலை நாள். 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். 31 வருஷக் கடைசி ராத்திரி, பேரு நோச்செவியேஹா, திராட்சை சாப்பிடுறது அன்னிக்குத்தான். ஜனவரி 5 குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூணு ராஜாக்களோட ஊர்வலம், 6 மூன்று ராஜாக்கள் திருநாள், லீவு. பள்ளிக்கூடமும் 6 முடிஞ்சுதான் திறப்பாங்க.

25, ஜனவரி 1, ஜனவரி 6, இந்த மூணு நாளும் சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும்னே வச்சுக்கோங்க. 24, 31 ரெண்டு நாளும் சாயங்காலமே ஷட்டரை இறக்கிடுவாங்க, 24 ராத்திரி மெட்ரோ பஸ்ஸும் பல ஊர்ல சீக்கிரமே நின்னுடும், அதனால யார் வீட்டுக்காவது சாப்பிடப் போறீங்கன்னா திரும்பி வர்றதுக்கு என்ன வழின்னு முன்னாடியே பார்த்து வைங்க. பால், அரிசி, காய்கறி எல்லாம் 23-க்குள்ள வாங்கிடுங்க. இறால், மீன் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், 24 நெருங்க நெருங்க விலை ஏறிக்கிட்டே போகும், இங்க உள்ள அம்மாக்கள் டிசம்பர் ஆரம்பத்துலயே வாங்கி ஃப்ரீசர்ல போட்டுடுவாங்க, நீங்களும் அதையே பண்ணுங்க.

ஸ்டெப் 2: குடில் பார்க்கப் போங்க

ஸ்பெயின்ல மரத்தை விட குடிலுக்குத்தான் மரியாதை அதிகம். பெலென்னு சொல்லுவாங்க. மூணாம் கார்லோஸ் ராஜா ஸ்பெயினை ஆள வர்றதுக்கு முன்னாடி நேப்பிள்ஸ்ல ராஜாவா இருந்தவர், 1759-ல இங்க வந்தப்போ அந்த ஊர் குடில் வழக்கமும் கூடவே வந்து, முதல்ல அரண்மனை, பிரபுக்கள் வீடு, அப்புறம் எல்லா வீடுன்னு பரவுச்சு. அந்தக் காலத்து பொம்மைங்க உள்ள குடிலை இப்பவும் மாட்ரிட் அரச மாளிகையில டிசம்பர்ல வைப்பாங்க. அது தவிர நகராட்சி, கோயில், பேங்க், பழைய மருத்துவமனைன்னு ஊர் முழுக்க குடில் இருக்கும், நிறைய இடத்துல காசே கிடையாது, க்யூல நின்னா போதும். வார நாள் மதியம் போனா கூட்டம் கம்மி.

நம்ம ஊர் கோயில்ல வைக்கிற குடில்ல தொழுவம்தான் மெயின். இங்க ஒரு ஊரையே கட்டி வச்சிருப்பாங்க. ரொட்டி சுடுறவன், துணி துவைக்கிறவ, மீன் விக்கிறவன், சுத்துற மாவு மில்லு, மோட்டார் வச்சு ஓடுற ஆறு, பாசி, கார்க் மரப்பட்டையில மலை. மாதாவும் சூசையப்பரும் எங்கேன்னு நாமளே தேடணும். எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிம்மா ஒருத்தங்க ஹால் அலமாரி மேல நீளமா குடில் வைப்பாங்க. மூணு ராஜாக்களையும் ஒட்டகத்தோட ஒரு கோடியில நிப்பாட்டிட்டு, தினமும் காலையில காபி போட்டுட்டு வந்து, ஒவ்வொரு பொம்மையையும் ஒரு விரல்கடை தூரம் தொழுவத்தைப் பார்த்து நகர்த்துவாங்க. கழுத்துல பெயிண்ட் உதிர்ந்த ஒட்டகத்தை மட்டும் ரெண்டு கையாலயும் தூக்கித்தான் வைப்பாங்க. தொட்டில் 24 ராத்திரி வரைக்கும் காலியாவே இருக்கும், அன்னிக்கு வீட்டுல இருக்கிறதுலயே சின்னக் குழந்தை கையில குடுத்து குழந்தை இயேசுவை வைக்கச் சொல்லுவாங்க. யார் வீட்டுக்காவது அந்த சமயத்துல போனீங்கன்னா, தொட்டில்ல பொம்மை காணோம், தொலைஞ்சு போச்சான்னு கேட்டுடாதீங்க, இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம்.

நிஜ மனுஷங்களே வேஷம் போட்டு நிக்கிற குடிலும் உண்டு. மாட்ரிட் பக்கம் பூய்த்ராகோ தெல் லோசோயா, காதிஸ் மாகாணத்துல ஆர்கோஸ் தெ லா ஃப்ரோந்தேரா, ரெண்டும் பேர் போனது. தேதி வருஷா வருஷம் மாறும், அந்த ஊர் நகராட்சி தளத்துல பார்த்துட்டுப் போங்க.

பார்சிலோனாவுல இருக்கிறவங்களுக்கு: கதீட்ரல் முன்னாடி சாந்தா லூசியா சந்தை, 1786-லேர்ந்து நடக்குது. அங்க சிவப்புத் தொப்பி போட்டு, கால்சட்டையை இறக்கி, குந்தி உக்காந்து வெளிக்கிருக்கிற பொம்மை ஒண்ணு குவிச்சு வச்சிருப்பாங்க. காகனேர்னு பேரு. யாரோ கிண்டலுக்குப் பண்ணதுன்னு நினைக்காதீங்க, கத்தலோனியா குடில்ல ஒரு மூலையில அவன் இருந்தே ஆகணும், மண்ணுக்கு உரம் போடுறவன், அடுத்த வருஷம் விளைச்சல் நல்லா வரும்னு சொல்லுவாங்க. 2005-ல பார்சிலோனா நகராட்சி வச்ச குடில்ல அவனை விட்டுட்டாங்கன்னு ஜனங்க பெரிய சத்தம் போட்டு, அடுத்த வருஷமே திரும்ப வந்துட்டான். சாமி கும்பிடுற இடத்துல இதுவான்னு நமக்கு முதல்ல சங்கடமாத்தான் இருக்கும், ஆனா அவங்களுக்கு அதுல அவமரியாதை எதுவும் கிடையாது.

ஸ்டெப் 3: ஆபீஸ் லாட்டரியில ஒரு சீட்டு எடுத்துடுங்க

இது சாமி சம்பந்தப்பட்டது இல்லைதான், ஆனா இதோடதான் இங்க கிறிஸ்துமஸ் ஆரம்பிக்குது. 1812-ல காதிஸ்ல தொடங்கின குலுக்கல். டிசம்பர் 22 காலையில 9 மணிக்கு மாட்ரிட் தெயாத்ரோ ரெயால்ல ஆரம்பிக்கும், சான் இல்தெஃபோன்சோ பள்ளிப் பிள்ளைங்க நம்பரையும் பரிசையும் ராகம் போட்டுப் பாடுவாங்க, மணிக்கணக்கா. டீக்கடை, பேங்க், சலூன் எங்க போனாலும் அந்தக் குரல் ஓடிக்கிட்டே இருக்கும்.

ஒரு சீட்டுக்கு தேசிமோன்னு பேரு, விலை 20 யூரோ. முதல் பரிசு எல் கோர்தோ விழுந்தா ஒரு தேசிமோவுக்கு 4 லட்சம் யூரோ, முதல் 40,000-க்கு வரி இல்ல, மீதிக்கு 20 சதவீதம் பிடிச்சா கைக்கு 3,28,000 வரும். இதுக்காக வாங்கச் சொல்லலை. ஆபீஸ்ல, பிள்ளைங்க ஸ்கூல்ல, கீழ இருக்கிற பார்ல எல்லாரும் ஒரே நம்பரைப் பங்கு போட்டு வாங்குவாங்க, விழுந்தா எல்லாருக்கும் விழணும்ங்கிறதுதான் அதோட சாரம். ஒருத்தர் வந்து நம்பர் வேணுமான்னு கேட்டா அது உங்களையும் கூட்டத்துல சேர்க்கிற அழைப்பு. முடிஞ்சா எடுத்துக்கோங்க. பணம் இல்ல, சூதாட்டம் வேண்டாம்னா சிரிச்ச முகமா வேண்டாம்னு சொல்லிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கிளப், ஸ்கூல் விக்கிற சின்னச் சீட்டுல ஒரு பங்கு அவங்களுக்கு நன்கொடையா போகும், எவ்வளவுன்னு சீட்டுலயே எழுதியிருக்கும், படிச்சுப் பாருங்க. சீட்டைப் பத்திரமா வைங்க, மூணு மாசத்துக்குள்ள பரிசை வாங்கலைன்னா அவ்ளோதான்.

ஸ்டெப் 4: இனிப்பு வாங்குறப்ப லேபிளைப் படிங்க

சைவம் சாப்பிடுறவங்க, பன்னி சாப்பிடாதவங்க இந்த இடத்தை நிறுத்திப் படிங்க. பொல்வொரோன், மந்தேகாதோன்னு காகிதத்துல சுத்தின மாவு உருண்டை மாதிரி ஒரு இனிப்பு இந்த மாசம் முழுக்க எல்லா மேஜையிலயும் இருக்கும், ஆபீஸ்ல, பேங்க்ல, டாக்டர் ரூம்லகூட தட்டுல வச்சிருப்பாங்க. செவில் மாகாணத்துல எஸ்தேபாங்கிற ஊர்ல டன் கணக்குல செய்றாங்க. வாயில போட்டா மாவா கரையும், அந்த மிருதுக்குக் காரணம் பன்றிக்கொழுப்பு. பேரைப் பார்த்தா, உருவத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆலிவ் எண்ணெயில செஞ்சதும் கிடைக்கும், லேபிள்ல மந்தேகா தெ செர்தோன்னு இருந்தா கொழுப்பு, அசெய்தே தெ ஒலிவான்னு இருந்தா ஆலிவ்.

துர்ரோன் பரவாயில்ல, பாதாம், தேன், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு அவ்ளோதான். முட்டை சாப்பிடாதவங்க மட்டும் கவனிங்க. ஹிஹோனா மெத்துன்னு எண்ணெய் கசிய இருக்கும், அலிகாந்தே முழுப் பாதாமோட கல்லு மாதிரி இருக்கும், பல்லு சரியில்லாதவங்க ஹிஹோனா பக்கம் போங்க. யார் வீட்டுக்காவது சாப்பிடக் கூப்பிட்டா நல்ல துர்ரோன் ஒரு பொட்டி வாங்கிட்டுப் போறது என்னிக்கும் தப்பாகாது.

ஸ்டெப் 5: 24 ராத்திரி, யாராவது கூப்பிட்டா கண்டிப்பா போங்க

இது முழுக்க வீட்டு நாள். ராத்திரி 9 மணிக்கு டிவியில ராஜா பேசுவார், அதை அரைகுறையா கேட்டுக்கிட்டே மேஜையில உக்காருவாங்க. இந்த ராத்திரிக்கு வெளியாளைக் கூப்பிடுறது சாதாரண விஷயம் இல்ல, அண்ணன் தம்பி, மருமக, பேரப்பிள்ளைன்னு ரத்த சொந்தம் கூடுற நேரம். நீ தனியா இருக்கியா, எங்க வீட்டுக்கு வான்னு ஒரு கூட வேலை செய்றவரோ வீட்டு ஓனரம்மாவோ சொன்னா அது வாய் வார்த்தைக்குச் சொல்றது கிடையாது. சங்கோஜப்பட்டு மறுத்துட்டு ரூம்ல தனியா நூடுல்ஸ் கிண்டாதீங்க.

போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் இருக்கிறப்பவே என்ன சாப்பிட மாட்டீங்கன்னு தெளிவா சொல்லிடுங்க. சைவம்னு மட்டும் சொன்னா மீன், இறால், ஹாம் (பன்னித் தொடைக்கறி) துண்டு போட்ட சூப் எல்லாம் வந்துடும், அவங்க மேல தப்பில்ல, அவங்க கணக்குல அது மாமிசம் இல்ல. மாமிசம், மீன், ஹாம், மாமிசத் தண்ணி எதுவும் வேண்டாம், முட்டை ஓகே இல்ல வேண்டாம், இப்படிப் பிரிச்சுச் சொல்லுங்க. பக்கத்துல உக்கார்ற அந்த வீட்டு மாமியார் கேட்டுக்கிட்டே இருப்பாங்க, பொறுமையா பதில் சொல்லுங்க.

மேஜையில என்ன இருக்கும்ங்கிறது ஊரைப் பொறுத்தது. முதல்ல ஹாம், சீஸ், வேகவச்ச இறால், அது கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும். காஸ்தியா பக்கம் அடுப்புல சுட்ட ஆட்டுக்குட்டி. மாட்ரிட்ல பெசுகோங்கிற மீனும், ஆப்பிள் போட்ட ஊதா முட்டைக்கோஸும் (இது நமக்கு நல்லாவே ஒத்துப்போகும்). நவார்ரா, அரகோன்ல கார்தோன்னு ஒரு தண்டுக்கீரை, பாதாம் அரைச்சு ஊத்தி. கலீசியாவுல உப்புக்கண்ட மீனும் காலிஃப்ளவரும். கத்தலோனியாவுல 24-ஐ விட 25 மதியம்தான் பெருசு, சங்கு மாதிரி பெரிய பாஸ்தா போட்ட சூப்பும் அதுல வெந்த கறியும், மிச்சமான கறியை அரைச்சு 26-ம் தேதி கனெலோன், அதாவது உள்ள கறி அடைச்ச குழல் பாஸ்தா, செய்வாங்க. எதையும் வீணாக்காத அந்த 26-ம் தேதி சாப்பாடு எனக்கு முந்தின நாள் சாப்பாட்டை விடப் பிடிக்கும்.

சாப்பாடு முடிஞ்சதும் எந்திரிச்சு கிளம்பிடக்கூடாது. அதுக்கப்புறம்தான் பாட்டு. வியான்சிகோங்கிற கிறிஸ்துமஸ் பாட்டுங்க, பந்தெரேத்தாங்கிற கஞ்சிரா, அப்புறம் சோம்புச் சாராய பாட்டில். குடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, பாட்டில் மேல கட்டம் கட்டமா முண்டு முண்டா இருக்கும் பாருங்க, அதுல கரண்டிக் காம்பை வச்சு மேலயும் கீழயும் தேய்ச்சா கிர்ர் கிர்ர்னு தாளம் வரும். ஒரு தாத்தா அதைப் பிடிச்சு வாசிக்க ஆரம்பிச்சா வீடே கூட சேர்ந்துடும். வார்த்தை தெரியலைன்னாலும் கையைத் தட்டுங்க, பாட்டில் உங்க கைக்கு வந்தா கூச்சப்படாம தேய்ங்க.

அந்தலூசியாவுல இருக்கிறவங்க 24 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஹெரெஸ்ல நவம்பர் கடைசியிலேர்ந்தே சாம்பொம்பா நடக்கும், பழைய கூட்டு வீட்டு முற்றத்துல நெருப்பு மூட்டி, சுத்தி நின்னு ஃப்ளமெங்கோ சாயல்ல கிறிஸ்துமஸ் பாட்டு. சாம்பொம்பாங்கிறது ஒரு பானை வாத்தியம், வாயில தோல் கட்டி நடுவுல ஒரு குச்சி, ஈரக் கையால அந்தக் குச்சியை உருவினா உறுமி மாதிரி சத்தம் வரும். 2015-ல ஹெரெஸ், ஆர்கோஸ் சாம்பொம்பாவை அந்தலூசியா அரசு பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சுது. எங்கயாவது முற்றத்துக் கதவு திறந்திருந்து பாட்டு கேட்டா உள்ள போய் நிக்கலாம்.

ஸ்டெப் 6: நடுராத்திரி பூசை

மிசா தெல் கய்யோ. எந்த மதமா இருந்தாலும் பின்னாடி அமைதியா நின்னு பார்க்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நற்கருணை வாங்கப் போறது மட்டும் கத்தோலிக்கர்களுக்கு. பேரு நடுராத்திரின்னாலும் நிறைய பங்குக் கோயில்ல இப்ப முன்னாடியே வச்சுடுறாங்க, கோயில் வாசல்ல ஒட்டியிருக்கிற நேரத்தைப் பார்த்துக்கோங்க. கல்லுக் கோயில் உள்ள குளிர் எலும்பைத் தொடும், கோட்டைக் கழட்டாதீங்க. பூசை முடிவுல குருவானவர் குழந்தை இயேசு சுரூபத்தைக் கையில ஏந்தி நிப்பார், ஜனங்க வரிசையா வந்து முத்தி செய்வாங்க, அதாவது முத்தம் குடுப்பாங்க. நம்ம ஊர் கத்தோலிக்கர்களுக்கு இதுல எதுவுமே அந்நியமா தெரியாது.

மயோர்கா தீவுல இருக்கீங்கன்னா வேற எங்கயும் போகாதீங்க. அங்க அந்த ராத்திரி கோயில்கள்ல சிபில்லா பாட்டுன்னு ஒண்ணு பாடுவாங்க, ஒரு சின்னப் பையனோ பொண்ணோ நீள அங்கி போட்டு, கையில நிமிர்த்திப் பிடிச்ச வாளோட தனியா நின்னு கடைசித் தீர்ப்பு நாளைப் பத்திப் பாடுறது. இடைக்காலத்துலேர்ந்து வர்ற பாட்டு, 2010-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. பிறப்பைக் கொண்டாடுற ராத்திரியில உலகத்தோட முடிவைப் பத்தின பாட்டு, பக்கத்துல நிக்கிற கைக்குழந்தைகூட அழாம கேக்கும். பால்மா கதீட்ரல்ல கூட்டம் ஜாஸ்தி, சின்ன ஊர் கோயிலுக்குப் போனா கிட்ட நின்னு கேக்கலாம்.

ஸ்டெப் 7: பிள்ளைங்களுக்கு யார் பரிசு கொண்டு வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

கத்தலோனியாவுல தியோ. ஒரு மரக்கட்டை, முன்னாடி ரெண்டு காலு, சிரிச்ச முகம், சிவப்புத் தொப்பி. டிசம்பர் 8-லேர்ந்து பிள்ளைங்க அதுக்குப் போர்வை போர்த்தி, ராத்திரி ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துண்டு எல்லாம் ஊட்டுவாங்க, காலையில பார்த்தா காலியாகியிருக்கும், அது அப்பா அம்மா வேலை. 24 ராத்திரி இல்ல 25 அன்னிக்கு பிள்ளைங்களை வேற ரூமுக்கு அனுப்பிட்டு போர்வைக்குள்ள துர்ரோன், சின்னச் சின்னப் பரிசு வைப்பாங்க, அப்புறம் எல்லாரும் வந்து குச்சியால கட்டையை அடிச்சு, வெளிக்கிருந்து துர்ரோன் போடுன்னு பாடுவாங்க. பாஸ்க் நாட்டுலயும் நவார்ராவுலயும் 24-ம் தேதி மலையிலேர்ந்து இறங்கி வர்ற கரி மூட்டக்காரர் ஒலென்த்சேரோ. பாப்பா நோயேல்னு நம்ம கிறிஸ்துமஸ் தாத்தாவும் இப்ப நிறைய வீட்டுக்கு வர்றார்.

ஆனா நாட்டுல பெரும்பாலான பிள்ளைங்களுக்கு பெரிய பரிசு கொண்டு வர்றது மூணு ராஜாக்கள்தான், மெல்கியோர், கஸ்பார், பல்தசார், ஜனவரி 6 காலையில. இங்க பிள்ளை வளர்க்கிற நம்ம வீட்டுக்காரங்க எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க: பரிசுல ஒண்ணையாவது 6-ம் தேதிக்குன்னு எடுத்து வைங்க. லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போன முதல் நாள் டீச்சர் கேக்குற முதல் கேள்வி, ராஜாக்கள் உனக்கு என்ன கொண்டு வந்தாங்கங்கிறதுதான். சுத்தி எல்லாப் பிள்ளையும் கையைத் தூக்கறப்போ நம்ம பிள்ளை மட்டும் தலையைக் குனிஞ்சு உக்காரக்கூடாது. பெரிய செலவு வேண்டாம், ஒரு கலர் பென்சில் டப்பா போதும். உங்க மதம் எதுவா இருந்தாலும் சரி, வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் சரி, அந்தக் கேள்விக்கு என்ன சொல்லலாம்னு பிள்ளைகிட்ட முன்னாடியே பேசி வைங்க.

இன்னொண்ணு, ராஜாக்கள் நிஜம்னு இங்க உள்ள குழந்தைங்க எட்டு, ஒன்பது வயசு வரைக்கும் நம்புவாங்க. லிஃப்ட்ல, பார்க்ல, சாப்பாட்டு மேஜையில தவறிக்கூட ரகசியத்தைப் போட்டு உடைச்சிடாதீங்க. பெரிய பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

ஸ்டெப் 8: டிசம்பர் 28

ஏரோது ராஜா கொன்ன பச்சைக் குழந்தைங்களை நினைக்கிற நாள், ஆனா நடைமுறையில ஏப்ரல் ஒண்ணு மாதிரி ஏமாத்துற நாள். முதுகுல காகிதப் பொம்மையை ஒட்டி விடுவாங்க, பேப்பர்லயும் பொய்ச் செய்தி வரும். விசா விதி மாறிடுச்சு, வாடகை குறைஞ்சிடுச்சுன்னு அன்னிக்கு எதைப் படிச்சாலும் மறுநாள் சரி பாருங்க. அலிகாந்தே மாகாணத்துல இபிங்கிற ஊர்ல அன்னிக்கு மாவும் முட்டையும் வீசி சண்டை நடக்கும், போனா பழைய துணி போட்டுட்டுப் போங்க.

ஸ்டெப் 9: 31 ராத்திரி, பன்னெண்டு திராட்சை

12 மணி அடிக்கிறப்ப ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை வாயில போடணும், பன்னெண்டும் முடிஞ்சா வருஷம் நல்லா இருக்கும்னு நம்பிக்கை. 19-ம் நூற்றாண்டு கடைசியிலயே மாட்ரிட்ல இருந்த வழக்கம், 1909-ல அலிகாந்தே பக்கம் திராட்சை அமோகமா விளைஞ்சப்போ விவசாயிங்க இதைப் பரப்பினாங்கன்னு சொல்லுவாங்க. மாட்ரிட் புவெர்த்தா தெல் சோல் கடிகாரத்தைப் பார்த்துதான் நாடே சாப்பிடும், டிவியில 1962-லேர்ந்து காட்டுறாங்க.

செய்முறை இதுதான். ஆளுக்குப் பன்னெண்டு எண்ணி சின்னக் கிண்ணத்துல வைங்க. சின்னப் பழமா, மெல்லிசு தோலா பாருங்க, கொட்டையை முன்னாடியே எடுத்துடுங்க, தோல் உரிச்சு டப்பாவுல அடைச்சதும் கடையில கிடைக்கும். இப்ப முக்கியமான விஷயம்: பன்னெண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி மேல இருக்கிற பந்து இறங்கும், அதுக்கப்புறம் டிங் டாங் டிங் டாங்னு ஜோடி ஜோடியா நாலு தடவை அடிக்கும், அது கால் மணி மணியோசை, அப்ப சாப்பிடக்கூடாது. புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டுற இடம் அதுதான், பாதிப் பழம் உள்ள போனதுக்கு அப்புறம்தான் நிஜ மணி அடிக்க ஆரம்பிக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு, டோங்னு ஒத்தையா கனமா வர்ற முதல் அடியிலதான் ஆரம்பிக்கணும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சுமார் 3 செகண்ட்தான், மென்னு ரசிக்க நேரம் இல்ல. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு முழுத் திராட்சையைக் கண்டிப்பா குடுக்காதீங்க, தொண்டையில அடைக்கும், நீளவாக்குல நாலா வெட்டிக் குடுங்க, இல்ல வேற ஏதாவது மெதுவா குடுங்க. வயசானவங்களுக்கும் அப்படியே. கனாரி தீவுல ஒரு மணி நேரம் பின்னாடி, அங்க இருக்கிறவங்க அவங்க நேரத்துக்குச் சாப்பிடணும்.

சோல் சதுக்கத்துக்கே போகணும்னு ஆசைப்பட்டா ரொம்ப முன்னாடியே போங்க, போலீஸ் ஆள் எண்ணி விடுவாங்க, நிறைஞ்சா மூடிடுவாங்க. சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க முந்தின ராத்திரி, 30-ம் தேதி நடக்கிற மணி ஒத்திகைக்குப் போகலாம், அதே மணி, அதே திராட்சை, நெரிசல் மட்டும் கொஞ்சம் கம்மி.

ஸ்டெப் 10: ஜனவரி 5, இதுக்காகத்தான் இவ்ளோ நேரம் எழுதினேன்

கபல்காத்தா, அதாவது ராஜாக்கள் ஊர்வலம். ஸ்பெயின்ல எந்த ஊர்ல இருந்தாலும், கிராமமா இருந்தாலும், அன்னிக்கு சாயங்காலம் மூணு ராஜாக்கள் ஊருக்குள்ள வருவாங்க. எழுத்து ஆதாரத்தோட பழசுன்னா அலிகாந்தே மாகாணத்து அல்கோய், 1866. அங்க ராஜாக்களோட பணியாளுங்க நீள ஏணியைத் தூக்கிட்டு வந்து, பால்கனி பால்கனியா ஏறி, மேல காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளை கையில பரிசைக் குடுப்பாங்க. பார்சிலோனாவுல ராஜாக்கள் துறைமுகத்துல கப்பல்ல வந்து இறங்குவாங்க, மேயர் போய் வரவேற்பார். செவில்ல அத்தெனேயோ சங்கம் 1918-லேர்ந்து நடத்துது, மிட்டாய் மழையா கொட்டும். மாட்ரிட்ல கஸ்தெயானா ரோட்டுல வந்து சிபெலெஸ் சதுக்கத்துல முடியும்.

எப்படிப் போறதுன்னு சொல்றேன். பாதை எதுன்னு நகராட்சி முன்னாடியே போடும், ஆரம்பிக்கிற இடத்தையும் முடியிற இடத்தையும் விட்டுட்டு நடுவுல ஒரு இடத்தைப் பிடிங்க. ஒன்றரை மணி நேரமாவது முன்னாடி போங்க. பிள்ளை நிக்க ஒரு சின்ன முக்காலி, ஃப்ளாஸ்க்ல பால், கம்பளிக் குல்லா. ஒரு துணிப் பை, மிட்டாய்க்கு. பழைய ஆளுங்க குடையைத் தலைகீழா விரிச்சுப் பிடிச்சு அதுல மிட்டாய் பிடிப்பாங்க, கெட்டிக்காரத்தனம்தான், ஆனா பின்னாடி நிக்கிற குழந்தைக்கு ராஜா முகமே தெரியாது, அதனால எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மிட்டாய் வேகமா வரும், கண்ணுல படாம பார்த்துக்கோங்க, விழுந்ததை எடுக்க வண்டிச் சக்கரம் பக்கம் மட்டும் பிள்ளைங்களை விடவே விடாதீங்க.

பல்தசார் கருப்பின ராஜா. ரொம்ப வருஷம் வெள்ளைக்காரங்களே முகத்துல கருப்புச் சாயம் பூசிட்டு அந்த வேஷத்துல வந்தாங்க, சில ஊர்ல இன்னமும் வர்றாங்க, அது எனக்குப் பார்க்க வலிக்கும், இங்கயும் நிறைய பேர் அதை எதிர்த்துப் பேசுறாங்க. மாட்ரிட், பார்சிலோனா மாதிரி ஊர்கள்ல இப்ப கருப்பின ஆளுங்களே பல்தசாரா வர்றாங்க. நம்ம பிள்ளைங்க பல பேருக்குப் பிடிச்ச ராஜா அவர்தான், அவர் வண்டி கடைசியில வரும், நடுவுலயே கிளம்பிடாதீங்க.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைங்க நல்லா துடைச்ச ஷூவை ஜன்னல் பக்கமோ மரத்துக்குக் கீழயோ வைக்கணும். ராஜாக்களுக்கு மூணு கிளாஸ் பால், கொஞ்சம் துர்ரோன், ஒட்டகத்துக்கு ஒரு வாளி தண்ணி. அப்புறம் சீக்கிரம் தூங்கப் போகணும். தூங்கினதும் நீங்க பாலைக் குடிச்சுட்டு, துர்ரோனைக் கடிச்சுட்டு, வாளித் தண்ணியைப் பாதி ஊத்திட்டு பரிசை வைங்க. சேட்டை பண்ண பிள்ளைக்குக் கரின்னு சொல்லுவாங்க, அது சர்க்கரையில செஞ்ச கருப்பு மிட்டாய், விளையாட்டுக்கு ஒரு துண்டு வைக்கலாம்.

6 காலையில ரோஸ்கோன். வளையமா பெரிய பன் ரொட்டி, மேல சர்க்கரைப் பாகுல ஊறின பழத் துண்டு, ஆரஞ்சுப் பூத் தண்ணி வாசனை, சூடா கெட்டிச் சாக்லேட்ல தொட்டுச் சாப்பிடணும். நல்ல பேக்கரியில 5-ம் தேதி க்யூ தெருவுக்கு வந்துடும், ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வைங்க. உள்ள ஒரு பொம்மையும் ஒரு காய்ஞ்ச அவரைக்கொட்டையும் இருக்கும், அதனால மெதுவா கடிங்க. பொம்மை கிடைச்சவருக்குக் காகித கிரீடம், கொட்டை கிடைச்சவர் ரோஸ்கோனுக்குப் பணம் குடுக்கணும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒண்ணு வாங்கி வெட்டினாலே போதும், அந்தக் காலைப்பொழுது நல்லா போயிடும்.

7-ம் தேதி கடைகள்ல தள்ளுபடி ஆரம்பிக்கும், குளிர் கோட்டு, ஷூ வாங்கணும்னா அதுவரைக்கும் பொறுங்க. மிச்சமான துர்ரோனும் பாதி விலைக்குக் கிடைக்கும், ஊருக்குக் கொண்டு போக அதுதான் நேரம். வீட்டுல நாயோ பூனையோ வளர்க்கிறவங்களுக்கு இன்னும் ஒரு தேதி இருக்கு, ஜனவரி 17, சான் அந்தோன், நம்ம வனத்து அந்தோணியார் திருநாள். மாட்ரிட்ல ஓர்தாலேசா தெருவுல இருக்கிற சான் அந்தோன் கோயில் வாசல்ல மிருகங்களை மந்திரிச்சு ஆசீர் குடுப்பாங்க, ஆமை, கிளி வரைக்கும் தூக்கிட்டு வருவாங்க. கயிறும் கூண்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க, க்யூ நீளமா இருக்கும்.